காதர் கத்தியைக் கீழே வைத்த பெருநாள்

முதல் நாள் பெய்த மழையில் எங்கள் கொல்லை சேறாகிக் கிடந்தது. அத்தா விடிந்ததும் மணல் கொட்டிக் கிணற்றடியில் ஒரு மேடு பண்ணி வைத்திருந்தார். ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகை முடிந்து ஆண்கள் புதுத்துணியும் அத்தர் வாசனையுமாக வந்து சுற்றி நின்றார்கள். பெண்கள் நாங்கள் சமையற்கட்டு ஜன்னலில் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம்.

பூந்தமல்லிக் கடைத்தெருவில் எங்கள் அத்தா கறிக்கடை வைத்திருந்தார். பெருநாள் அன்று எங்கள் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் குர்பானி ஆடு அறுத்துக் கொடுப்பது அவர்தான். அந்த வருடம் அவருக்குப் பதிலாக என் தம்பி காதர் அறுப்பதாக ஏற்பாடு. காதர் பர்மா சண்டையிலிருந்து திரும்பி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. பட்டாளத்துப் பிள்ளை கையால் அறுத்தால் தங்களுக்குத்தான் பெருமை என்று தெருவே சொல்லிவிட்டது.

ஆட்டை மணலில் படுக்கவைத்து மேற்கே பார்க்கத் திருப்பினார்கள். ஒருவர் கால்களைப் பிடித்துக்கொண்டார். காதர் ஒரு முழங்காலை ஊன்றிக் குனிந்தான். கீழே பட்டாளத்துக் காக்கி அரைக்கால் சட்டை, மேலே அம்மா எடுத்துக் கொடுத்த புது வெள்ளைச் சட்டை. கத்தியை ஆட்டின் கண்ணில் படாமல் தன் முதுகுப் பக்கமிருந்து எடுத்தான். அதுவரைக்கும் எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

அறுக்கிறவன் ஆண்டவன் பேரைச் சொல்லித்தான் கத்தியை வைக்க வேண்டும். வேண்டுமென்றே சொல்லாமல் விட்டால் அந்தக் கறி எங்களுக்கு ஆகாது. ஆகவே எல்லாரும் அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். உதடு பிரிந்தது. மறுபடி மூடிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை.

"சொல்றா" என்றார் அத்தா மெதுவாக.

காதர் நிமிர்ந்தான். கத்தியைக் கிணற்றுச் சுவரோரம் கீழே வைத்தான். "என்னால ஆவாது அத்தா" என்று சொல்லிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான். ஆடு எழுந்து உதறிக்கொண்டு, பாதியில் விட்ட அகத்திக்கீரையைத் தின்னப் போயிற்று.

அத்தா கத்தியை எடுத்துப் பார்த்தார். முந்தைய வருடம் வந்த வாதத்தில் அவருடைய வலது கை பாதி போய்விட்டது. எதையாவது இறுக்கிப் பிடித்தால் விரல்கள் தானாக விரிந்துகொள்ளும். கடைசியில் குமணன்சாவடியிலிருந்து இன்னொரு கடைக்காரரைக் கூப்பிட்டு வந்து அறுத்தார்கள். 'பட்டாளத்துக்குப் போயி பயந்தாங்கொள்ளியா வந்துகிறான்' என்று யாரோ சொன்னது ஜன்னல் வரைக்கும் கேட்டது.

எங்கள் வீட்டுக்கு அது சின்ன விஷயமில்லை. காதர் கத்தியைப் பிடித்தால்தான் கடை நடக்கும். அவன் வந்துவிடுவான், வந்து கடையில் உட்கார்ந்துவிடுவான் என்று சொல்லித்தான் சண்டைக் காலம் முழுக்க அம்மா வீட்டை ஓட்டினாள். அன்றைக்குப் பிரியாணிக்கு அரிசி களைந்துகொண்டே அழுதாள்.

எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அதைவிட வேறொன்று பெரிதாக இருந்தது. நான் நன்றாகப் பார்த்தேன், அவன் கை நடுங்கவே இல்லை. வாய்தான் வரவில்லை. கை சரியாக இருக்கும்போது வாய் எப்படிப் போகும்? அதைத் தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று ஆகிவிட்டது எனக்கு. இந்தக் குணம் இன்னும் போகவில்லை, அதனால்தான் வாராவாரம் இந்தப் பத்தியை எழுதி உங்கள் உயிரை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

பஸ்ரா கோவிந்தசாமி

போன வாரம் ஆவடிச் சாலையில் பட்டாளத்து லாரிகள் போன கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பட்டாளத்துக்காரர்களை வீரர்கள் என்று சொல்வதா, கொலை செய்யப் பழக்கி விடப்பட்டவர்கள் என்று சொல்வதா? நீங்கள் பார்த்தவராயிற்றே, சொல்லுங்கள்."

நன்றாகக் கேட்டார் போங்கள். பார்த்துவிட்டால் தெரிந்துவிடுமா?

சின்ன வயதில் நாங்கள் பார்த்த ஒரே பட்டாளத்துக்காரர் பஸ்ரா கோவிந்தசாமி. பர்மா சண்டைக்கு முந்தைய பெரிய சண்டையில் அரபு நாட்டுப் பக்கம் பஸ்ராவுக்குப் போய் வந்தவர். திருமழிசைக்காரர். சந்தை நாளில் பூந்தமல்லிக்கு வந்தால் மீசையை முறுக்கிக்கொண்டு எங்கள் அத்தா கடை ஓரத்தில் நிற்பார். பிள்ளைகள் சூழ்ந்துகொள்வோம். எங்கள் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எத்தினி பேரைச் சுட்டீங்க?"

கணக்கு வருடா வருடம் ஏறிக்கொண்டே போகும். ஒரு பொங்கலுக்குக் கை விரல்களைக் காட்டுவார். அடுத்த பொங்கலுக்குக் கால் விரல்களும் சேர்ந்துகொள்ளும். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்போம். அவர் சுட்டவர்களுக்கு முகம் இருந்திருக்கும், பசி இருந்திருக்கும் என்றெல்லாம் எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

அவர் இறந்த பிறகு அவருடைய வீட்டுக்காரம்மா கறி வாங்க வந்தபோது உண்மை வெளியே வந்தது. "யாரு, அந்த ஆளா சுட்டாரு? கோவேறு கழுதைக்குத் தண்ணி தூக்கிகினு இருந்தாரு. அது ஒதைச்சிதான் முன்பல்லு போச்சு" என்றாள் அந்த அம்மாள். கடையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் தராசு ஆடியது.

நானும் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. அந்த வெயிலில் வாயில்லாப் பிராணிக்குத் தண்ணீர் தூக்குவது என்ன லேசான காரியமா? ஆனால் அதைச் சொன்னால் நாங்கள் ஒருத்தரும் நின்று கேட்டிருக்க மாட்டோம். அது அவருக்கும் தெரிந்திருக்கிறது, பாவம்.

பாதி பட்டாளத்துக்காரன்

காதர் பட்டாளத்தில் சேர்ந்தது ஒரு மத்தியானத்தில் நடந்த காரியம். அப்போது ஆவடிப் பக்கம் வயலையெல்லாம் எடுத்துக்கொண்டு கிடங்கு கிடங்காகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கே பார்த்தாலும் காக்கி. என் வீட்டுக்காரர் தையற்காரர், அவர் கடைக்கும் காக்கிச் சட்டைகள் மூட்டையாக வரும். நான் வீட்டிலிருந்தே காஜா எடுத்து, பட்டன் கட்டிக் கொடுப்பேன். என் விரல் நுனியெல்லாம் காக்கிச் சாயம் ஏறி இருக்கும்.

ஆள் எடுக்கிறவர்கள் பூந்தமல்லியில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போன காதரிடம் அங்கிருந்த ஹவில்தார் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டிருக்கிறார். கறிக்கடை என்றானாம். ஹவில்தார் எழுந்து வந்து தோளில் தட்டி, "அப்போ நீ பாதி பட்டாளத்துக்காரன். மீதியை நாங்க பாத்துக்கிறோம்" என்றாராம்.

அந்தப் பேச்சு ஊருக்கே பிடித்துப் போயிற்று. கறிக்கடைக்காரன் மகன், ரத்தத்தைப் பார்த்தவன், கை நடுங்காது, இவன் போகாமல் வேறு யார் போவது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அத்தா முதலில் ஒரு மூச்சு திட்டினார். பிறகு அவருக்கே ஒரு பெருமை வந்துவிட்டது. "நம்ம ஊட்டுப் புள்ள பயப்பட மாட்டான்" என்று அவரே நாலு பேரிடம் சொல்ல ஆரம்பித்தார்.

இங்கேதான் எல்லாருமாகச் சேர்ந்து தப்பு பண்ணினோம். வெளியாள் ஹவில்தாருக்குத் தெரியாது, சரி. எங்களுக்குமா தெரியாது?

கறிக்கடைக்காரன் மகள் என்றால் கல் நெஞ்சு என்று இன்றைக்கும் நினைக்கிறார்கள். என் முகத்துக்கு நேரேயே சொன்னவர்கள் உண்டு, வாங்கிக் கட்டிக்கொண்டும் போயிருக்கிறார்கள். அத்தா ஆட்டின் எதிரில் கத்தி தீட்ட மாட்டார். ஓர் ஆடு பார்க்க இன்னோர் ஆட்டை அறுக்க மாட்டார். தாகத்தோடு அறுக்க மாட்டார், ஒரு வாய் தண்ணீர் காட்டுவார். கழுத்தைத் தடவிக் கொடுத்துக்கொண்டே ஏதோ பேசுவார். கடைசியில் 'பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்' என்று சொல்லிக்கொண்டே கத்தியை வைப்பார். உயிரைக் கொடுத்தவன் பேரைச் சொல்லி, அவனிடம் கேட்டுக்கொண்டு எடுக்கிறோம் என்பது அவருடைய எண்ணம்.

காதர் மீசை அரும்புவதற்கு முன்பிருந்தே அதே மாதிரிதான் பழகினான். கையும் வாயும் சேர்ந்தே போகும். வாய் முந்தும், கை பிந்தும். அறுத்த பிறகு கொஞ்ச நேரம் யாரோடும் பேச மாட்டான்.

அப்படிப்பட்டவனைத்தான் கை நடுங்காது என்று சொல்லி அனுப்பிவைத்தோம்.

பூக்காரி கேட்ட கேள்வி

திரும்பி வந்தபோது காதரின் சட்டைக் கையில் ஒரு பட்டை தைத்திருந்தது. நாய்க் என்கிற பதவிக்கு ஒரு படி கீழே உள்ள பதவியாம். அம்மா அந்தச் சட்டையைத் துவைத்து வாசல் கொடியில் காயப்போடுவாள். காய்ந்த பிறகும் எடுக்க மாட்டாள். தெருவில் போகிறவர்கள் பட்டையைப் பார்க்க வேண்டுமாம்.

திருவேற்காட்டிலிருந்து தாயாரம்மா பூக்கூடையோடு வருவாள். வாயாடி. யாரையும் விட மாட்டாள். பெருநாளுக்கு முந்தின வாரம் அவளிடமும் அம்மா ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தேன்.

"பாத்தியா தாயாரம்மா பட்டையை? சும்மா யாருக்கும் குடுக்க மாட்டானுங்களாம். வீரனுக்குத்தான் குடுப்பானுங்களாம்."

தாயாரம்மா முழம் போட்டுக்கொண்டே, "எம்மாம் பேரை அடிச்சான்?" என்றாள்.

"இன்னா பேச்சு பேசற? எம்புள்ள கொலகாரனா?"

"பின்ன? பர்மாவுக்குப் போயி பூ பறிச்சிகினு இருந்தானா? பட்டை குடுத்துகிறான்னா எவனையோ அடிச்சிகிறான்னுதான அர்த்தம். நான் தப்பா சொல்லல பாயம்மா. தெரிஞ்சிக்கலாமேன்னு கேக்கறேன்."

"நம்மளைக் கொல்ல வந்தவனை அடிச்சா அது கொலை ஆவாது."

"அவன் ஊர்லயும் இதத்தான் சொல்லி அனுப்பியிருப்பானுங்க" என்றாள் தாயாரம்மா.

அம்மா வாங்கின பூவைக் கூடையிலேயே திருப்பிப் போட்டுவிட்டாள். அந்த வாரம் எங்கள் வீட்டில் யார் தலையிலும் பூ இல்லை. தாயாரம்மா சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அம்மாவுக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது என்று எனக்குத் தோன்றியது.

அந்த நேரம் காதர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் பேசியது அவனுக்குக் கேட்டிருக்கும். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிக்கொண்டு வெளியே போனான். போகும்போது தாயாரம்மாவைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்பு சிரித்தான். அவள், "இன்னா நைனா, எளச்சிப் போயிட்ட" என்றாள்.

அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தேன். அவன் தட்டின் முன்னால் உட்காரும்போது பிஸ்மில்லா சொல்வதில்லை. பேசாமல் அள்ளிப் போட்டுக்கொள்கிறான். பள்ளிவாசலுக்குப் போனாலும் சுவரோரம் குந்திக்கொண்டிருந்துவிட்டு வந்துவிடுகிறான், தொழுவதில்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். பட்டாளத்தில் போய் மார்க்கத்தை விட்டுவிட்டான் என்று ஒரு பேச்சு தெருவில் கிளம்பியிருந்தது.

பெருநாள் அன்று அவன் வாய் வராமல் நின்றபோது, அந்தப் பேச்சு உண்மைதான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

காஜா எடுத்த மத்தியானம்

பெருநாள் கழிந்து சில நாளில், மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் காதர் என் வீட்டுக்கு வந்தான். என் வீட்டுக்காரர் கடையில் இருந்தார். நான் தரையில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் பக்கத்தில் குந்திக்கொண்டு நூல்கண்டைப் பிரித்துக் கொடுத்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு என்னிடம் பேச வேண்டுமென்றால் ஏதாவது ஒரு வேலையை இழுத்து வைத்துக்கொள்வான்.

சோறு போட்டுவிட்டு மறுபடி ஊசியை எடுத்தேன். வழக்கம்போலப் பேசாமல் கை வைத்தான். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பிஸ்மில்லா சொல்றதுக்கு இன்னாடா உனக்கு? ஆண்டவன்மேல கோபமா?"

"கோபம் இல்லக்கா."

"பின்ன?"

"உடு."

"உட மாட்டேன். நீ யாரையாச்சும் கொன்னியா அங்க?"

அந்தக் கேள்வியை அதுவரைக்கும் வீட்டில் யாரும் அவனிடம் நேராகக் கேட்டதில்லை. அம்மாவுக்குப் பயம், அத்தாவுக்குக் கூச்சம். தாயாரம்மாகூட அம்மாவிடம்தான் கேட்டாள். காதர் என்னைப் பார்த்தான். கேட்டுவிட்டாளே என்று நிம்மதியானது போல இருந்தது அவன் முகம்.

"ஒருத்தன்" என்றான்.

துப்பாக்கியால் தூரத்தில் சுட்டதெல்லாம் அவன் கணக்கில் இல்லை. பத்துப் பேர் சேர்ந்து சுட்டால் யார் குண்டு யாருக்குப் பட்டது என்று யாருக்குத் தெரியும் என்றான். இந்த ஒருத்தன் வேறு.

"மழைக்கா. இத்தவிட மழை. காடு. நான் காவலுக்கு நிக்கறேன். எதிர்ல இருக்கிற மரம் தெர்ல. துப்பாக்கி முனையில ஒரு கத்தி சொருகியிருக்கும். அதுல குத்தறதுக்குத் தனியா பழக்குவானுங்க. மூட்டையில வைக்கோலை அடச்சித் தொங்க உட்டுட்டு, ஓடிப்போயி குத்துன்னுவான். குத்தும்போது கத்தணும். எல்லாரும் ஹோன்னு கத்துவானுங்க. எனக்கு மட்டும் வாயில அது வரும்."

"எது?"

"கத்தியைப் புடிச்சா நமக்கு எது வரும்? அதான். நான் பல்லைக் கடிச்சிக்கினு முழுங்கிட்டு, அவனுங்க மாதிரியே கத்துவேன். வைக்கோலுக்குப் போயி ஆண்டவன் பேரைச் சொல்றதான்னு சிரிப்பாக்கூட இருக்கும்."

இடது கையில் வைத்திருந்த நூல்கண்டைக் கீழே வைத்தான்.

"அன்னிக்கி எதிராளி ஒருத்தன் திடீர்னு வந்து நிக்கறான். அவனும் என்னைப் பாக்கல, நானும் அவனைப் பாக்கல. ரெண்டு பேரும் மோதிக்கிற மாதிரி. கை பாட்டுக்குப் போயிடுச்சுக்கா. முழுங்கறதுக்கு நேரமில்ல. கைக்கு முன்னாடி வாய் போயிடுச்சு. முழுசா சொல்லிட்டேன். பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்னு. நல்லா சத்தமா, கடையில சொல்றா மாதிரி."

எனக்குக் கையில் இருந்த ஊசி குத்திவிட்டது. அவனைத் தொடவே ஒரு கணம் பயமாக இருந்தது. என் இடுப்பில் வளர்ந்த பிள்ளையைத் தொட எனக்குப் பயம். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

"அவன் என் வாயையே பாத்துகினு இருந்தான்க்கா, கண்ணு மூடற வரைக்கும். நான் இன்னா சொல்றேன்னு அவனுக்குப் புரியல. அவனைத் திட்டறேன்னு நெனச்சானோ இன்னாவோ. என் வயசுதான் இருக்கும். அதுக்குத்தான் பட்டை குத்தினானுங்க. அப்புறம் அந்தப் பேரை எடுத்தாலே அவன் மூஞ்சி வந்துடுது. சோத்துக்கு முன்னாடி வருது. பள்ளிவாசல்ல வருது. அன்னிக்கி ஆட்டுக்கு முன்னாடியும் வந்துச்சு. ஆண்டவன் பேரைச் சொல்லி ஒரு மனுசனை அறுத்துட்டேன்க்கா."

சோற்றுக் கையோடு அழுதான். பயம் போய்விட்டது எனக்கு. தலையை மடியில் சாய்த்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

அவன் போன பிறகு வெகுநேரம் காஜா ஓடவில்லை. பட்டாளத்தில் கொல்லப் பழக்கினார்கள் என்று சொல்கிறோம். அவர்கள் பழக்கியது வைக்கோல் மூட்டையைக் குத்தத்தான். கையும் வாயும் ஒன்றாய்ப் போவதற்கு எங்கள் கொல்லையில், எங்கள் அத்தாதான் பழக்கினார். இரக்கத்துக்காகப் பழக்கினது. அது காட்டில் போய் இப்படியா வெளியே வர வேண்டும்?

வியாழக்கிழமை

யாரிடமும் சொல்லாதே என்று காதர் சொல்லவில்லை. நான் போய் வீட்டில் சொல்லட்டும் என்றுதான் வந்தானோ என்றுகூட நினைத்தேன். மறுநாளே போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். அத்தா கட்டிலில் படுத்திருந்தார், தூங்குகிறார் என்று நினைத்தோம்.

சொல்லி முடித்ததும் அத்தாவின் குரல்தான் முதலில் கேட்டது. "அவன் வாயில வெச்சது நான்தானே" என்றார். எழுந்து உட்கார்ந்து தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். காதரைக் கடைக்கு வா என்று அவர் பிறகு ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. தை பிறந்ததும் கடையைப் பாத்திர வியாபாரி ஒருவருக்கு விட்டுவிட்டார்.

அம்மா அம்மிக் குழவியைப் பிடித்தபடியே இருந்தாள். வீரன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் ஆயிற்றே, என்ன சொல்லப்போகிறாளோ என்று காத்திருந்தேன்.

"அந்தப் புள்ளைக்கு எத்தினி வயசு இருக்கும்?" என்றாள்.

"காதர் வயசுதான் இருக்கும்னான்மா."

"மையத்தை எடுத்து அடக்கினாங்களா, அப்பிடியே மழையில உட்டுட்டாங்களா?"

எனக்குத் தெரியாது என்றேன். நான் கேட்கவில்லை. ஊரில் உள்ளதையெல்லாம் கேட்கிறவளுக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. அம்மா கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்குப் போய், கொடியில் கிடந்த காக்கிச் சட்டையை எடுத்து உள்ளே வைத்தாள்.

எங்கள் வீடுகளில் வியாழக்கிழமை பொழுது சாய்ந்ததும் மவுத்தானவர்கள் பேரைச் சொல்லி பாத்திஹா ஓதுவது வழக்கம். பாய் விரித்து, ஊதுவத்தி ஏற்றி, ஒரு தட்டில் சர்க்கரையும் பொட்டுக்கடலையும் வைப்போம். ஓதுவதற்கு லெப்பை ஒருவர் வருவார். சாதுவான மனிதர். அந்த வியாழக்கிழமை அம்மா அவரிடம், இந்த வாரம் இன்னொரு பேரும் சேர்க்க வேண்டும் என்று சொல்லி, விஷயத்தைச் சொன்னாள்.

லெப்பை தாடியைத் தடவினார். "நம்ம மார்க்கத்துல இல்லாதவனாச்சே. அதுலயும் எதிராளி. அதுக்கு இடம் உண்டான்னு கிதாபு பாத்துத்தாம்மா சொல்லணும்."

"பாருங்க. பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள் அம்மா. "அது வரைக்கும் நான் ஓதிக்கிறேன்."

லெப்பை செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். என்ன பார்த்தார் என்று கடைசி வரைக்கும் வந்து சொல்லவில்லை.

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். அத்தா பக்கத்தில். நானும் என் வீட்டுக்காரரும் பின்னால். காதர் உள்ளே வரவில்லை, கதவு நிலையில் சாய்ந்துகொண்டு மழையைப் பார்த்தபடி நின்றான். அம்மா தனக்குத் தெரிந்ததைத் திக்கித் திணறி ஓதினாள். பிறகு பேர் பேராகச் சொன்னாள். தன் அத்தா பேர், அம்மா பேர், மாமனார் பேர், எனக்கு முன்னால் பிறந்து இறந்துபோன குழந்தையின் பேர்.

அங்கே நிறுத்தினாள்.

"பர்மாவுல போன அந்தப் புள்ளைக்கும்" என்றாள். "பேரு தெரியாது. ஊரு தெரியாது. ஆண்டவனே, உனக்குத் தெரியும். என் மவன் உன் பேரைச் சொல்லித்தான் உங்கிட்ட அனுப்பிகிறான். நீ பாத்துக்கோ."

நாங்கள் ஆமீன் சொன்னோம். ஊதுவத்திச் சாம்பல் உதிர்ந்தது. அம்மா கையேந்தியபடியே இருந்தாள், இறக்கவில்லை. எதற்குக் காத்திருக்கிறாள் என்று அத்தா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

கதவுப் பக்கமிருந்து, காதர் குரலில், "ஆமீன்" என்று கேட்டது.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கைகளை முகத்தில் தடவிக்கொண்டாள். தட்டிலிருந்து சர்க்கரையை அள்ளிக்கொண்டு எழுந்துபோய், முதலில் அவனுக்குக் கொடுத்தாள்.